ரோஸாவின் புரத அட்டை

மங்களத்தின் மாடு நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. வாரியத்தின் கவனம் அதன்மேல் திரும்பியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மாடு முழுக்க அவளுடையது என்றும் சொல்ல முடியாது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப் பனை நட ஆரம்பித்தபோது பால்வெட்டு வேலை போன குடும்பங்கள் பதினேழு. ஈப்போவிலிருந்த கறவை வாரியம் குடும்பத்துக்கு ஒரு கலப்பின மாடு கொடுத்தது. மூன்று வருஷம் வளர்க்க வேண்டும். வாரியத்தின் பால் நிலையத்துக்கே பால் ஊற்ற வேண்டும். முதல் கிடாரிக் கன்றை வாரியத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு மாடு சொந்தம். மங்களம் கன்றைக் கொடுத்துவிட்டாள். 1979 பிறந்தபோது மூன்று வருஷம் முடிய ஐந்து மாதம்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் வாரியம் தன் பெயரைக் ‘கறவைப் புரத வாரியம்’ என்று மாற்றிக்கொண்டது. புதுப் பெயர்ப் பலகை மாட்டினார்கள். பலகை மாட்டிய பிறகு அதற்கு ஏற்ற வேலை வேண்டுமே என்று யோசித்தார்கள்.

மாட்டின் பெயர் ரோஸா. காலையில் இளமரங்களுக்கு நடுவே மண்ணைக் காக்க வளர்த்திருந்த பயற்றுக் கொடியை மங்களம் அறுத்து வந்து போடுவாள். மத்தியானம், டவுனில் லிம் நடத்திய, சோயாப் பாலைக் கட்டியாக்கும் தவ்வுப் பட்டறையில் சோயாவைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை. சாயங்காலம் புல்லும் ஒரு கை தேங்காய்ப் புண்ணாக்கும். அளவெல்லாம் சாணியைப் பார்த்து வருவதுதான். சாணி தண்ணீராகப் போனால் சக்கையைக் குறைத்துப் புல்லைக் கூட்டுவாள். முடி மங்கிப் பால் இறங்கினால் சக்கையைக் கூட்டுவாள். ரோஸா நாளுக்குப் பத்து பாட்டில் பால் கொடுத்தது.

இன்பநாதன் லேண்ட்ரோவரில் வந்து இறங்கினார். வயது முப்பதுக்குள். புரதச் சமநிலை அதிகாரி என்று சட்டைப் பையில் பட்டை குத்தியிருந்தது. ஒரு தராசும் சுருட்டிய வரைபடம் ஒன்றும் கூடவே இறங்கின.

“அக்கா, இதுக்கு என்ன தீனி?”

“கொடி, புல்லு, சோயாச் சக்கை. கொஞ்சம் புண்ணாக்கு சார்.”

“வேற?”

“தண்ணி.”

இன்பநாதன் எழுதிக்கொண்டார். எழுதியதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “எல்லாமே தாவரம்.”

“மாடுங்க சார்.”

“அதத்தான் நானும் சொல்றேன். இவ்வளவு பெரிய உடம்பு, ஒரே பக்கத்துப் புரதத்துல நிக்குது. ஒத்தைக் கால்ல நிக்கிற மாதிரி.”

மங்களம் குனிந்து ரோஸாவின் கால்களைப் பார்த்தாள். நான்கும் இருந்தன.

அவர் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் மூன்று கட்டங்கள். தாவரப் புரதம் நாற்பது. பிராணிப் புரதம் நாற்பது. மற்றவை இருபது. முதல் இரண்டும் நிரம்பினால் பச்சை முத்திரை; மூன்றாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிரம்பாவிட்டால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் மாட்டை வாரியம் திரும்ப எடுத்துக்கொள்ளும். சொல்லிக்கொண்டே முதல் சிவப்பை அங்கேயே குத்தினார்.

“சார், சாணியைப் பாத்துத்தான் நான் கூட்டுறதும் குறைக்கிறதும். இதுவரைக்கும் தப்பினதில்ல.”

“நீங்க சரியாத்தான் பாத்திருப்பீங்க அக்கா. ஆனா அட்டையில சாணிக்குக் கட்டம் இல்லையே.”

அன்று சாயங்காலம் மரப்பட்டறை வேலை முடிந்து வந்த கணவன் பத்துமலையிடம் மங்களம் அட்டையைக் கொடுத்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் அவள் கொடுத்த எதையும் சிரிக்காமல் வாங்கியதில்லை.

“பிராணி நாப்பது. மங்கா, நமக்கே வாரத்துல ஒரு நாளுதான் மீனு. இவளுக்குத் தினம் நாப்பது பங்கா?”

“சிரிக்காதீங்க. இன்னும் ரெண்டு செவப்பு விழுந்தா கட்டுத்தறி காலி.”

“சரி லா, சரி. சித்தியவான்ல மீன்தூள் அரைக்கிறான். ஞாயித்துக்கிழமை போய்ட்டு வாரேன்.”

ஹோண்டா மோட்டார் சைக்கிளின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது மழை. நனைந்த மீன்தூளின் வாசனை அவனுக்கு முன்பே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்துவிட்டது. கடைசி வீட்டுச் செல்லாயி கதவைச் சாத்தினாள். லயத்துப் பூனைகள் எல்லாம் அவனோடு கொட்டகை வரை நடந்து வந்தன.

ரோஸா தொட்டியை முகர்ந்தது. மேலுதட்டைத் தூக்கியது. மங்களத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொட்டியைக் காலால் தள்ளியது. சக்கையோடு பிசைந்து வைத்தாள். மீன்தூள் படாத சக்கையை மட்டும் நாக்கால் தேடி எடுத்தது. பத்து பாட்டில் ஏழாக இறங்கியது. அந்த ஏழையும் மோந்து பார்த்த பால் நிலையத்துக்காரர், மீன் வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அதே வாரம் அட்டையில் முதல் பச்சை முத்திரை விழுந்தது.

“பாத்தீங்களா அக்கா, முன்னேற்றம்.”

“பாலைத் திருப்பிட்டாங்க சார்.”

“பால் வேற இலாகா.”

மங்களம் பொறுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்ததும் முடியவில்லை. “சார், வெள்ளிக்கிழமை எங்க வீட்ல கவிச்சி சேக்க மாட்டோம்.”

“நீங்க சேக்காதீங்க. மாட்டுக்கு என்ன?”

“அதுவும் எங்க வீட்டுலதான சார் இருக்கு.”

இது நியாயமாக இருக்கிறதே என்று இன்பநாதன் கொஞ்சம் கலங்கிப் போனார். கெட்ட மனிதர் இல்லை அவர். விலக்குக் கேட்கும் விண்ணப்பப் பாரம் ஒன்றைக் கொண்டு வந்து, கொட்டகையிலேயே பலகைமேல் வைத்து நிரப்ப ஆரம்பித்தார். வாரியத்தில் மாட்டுக்குத் தனிப் பாரம் அடித்திருக்கவில்லை.

“பேரு ரோஸா. தகப்பன் பேரு?”

“ஊசி போட்டுப் பொறந்தது சார்.”

“எந்த ஊசி?”

“ஆஸ்திரேலியாவுலேருந்து வந்ததுன்னு சொன்னாங்க” என்றான் பத்துமலை. “ஊசின்னே எழுதிக்குங்க. நல்ல குடும்பம்தான்.”

இன்பநாதன் எழுதினார். “மதம்?”

ரோஸா அசை போட்டது.

“காலியா விட்டா ஆப்பீஸ்ல திருப்பிருவாங்க அக்கா.”

“வெள்ளிக்கிழமை கவிச்சி திங்காதுன்னு எழுதுங்க சார். படிக்கிறவங்களுக்கே புரிஞ்சிரும்” என்றாள் மங்களம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விலக்கு மறுக்கப்பட்டது. ஆனால் வாரியம் விண்ணப்பதாரர் ரோஸாவின் உணர்வை மதிப்பதால், மாமிசம் அல்லாத பிராணிப் புரதம் ஏதேனும் இருந்தால் கொடுக்கலாம்.

“மாமிசம் இல்லாம பிராணிகிட்டேருந்து வர்றதா?” பத்துமலை உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல் நடித்தான். “அப்ப பாலுதான் சார் இருக்கு. அதுகிட்டேருந்து கறந்து அதுக்கே ஊத்திறலாம் லா.”

மங்களம் அவன் தோளில் அடித்தாள். இன்பநாதன் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் லாரியில் கொழுப்பு நீக்கிய பால்மாவு டின்கள் வந்து இறங்கின. டின்னில் இன்னொரு தேசத்து மாடு சிரித்துக்கொண்டிருந்தது. கரைத்து ஊற்ற வேண்டிய அளவை அதிகாரி எழுதிக் கொடுத்தார். ரோஸா நாளுக்கு எட்டு பாட்டில் பால் குடித்து ஏழு பாட்டில் பால் கொடுத்தது.

இன்பநாதன் இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்து மகிழ்ந்தார். “ஒரு பாட்டில்தான் அக்கா இடைவெளி. அடுத்த மாசம் சரிசமமாக்கிறலாம்.”

அவர் போன பிறகு மங்களம் அரிவாளை எடுத்துக்கொண்டு பயற்றுக் கொடி அறுக்கப் போனாள். அன்றிலிருந்து ரோஸாவின் தொட்டிக்குள் மீனும் போகவில்லை, மாவும் போகவில்லை. மூட்டையைப் பூனைகள் காலி செய்தன. மாவில் லயம் முழுவதும் மூன்று வாரம் பாயசம் குடித்தது. கொடி, சக்கை, புல் என்று பழைய முறைக்கு வந்ததும் ரோஸா பத்து பாட்டிலுக்கு ஏறியது. அட்டையில் மட்டும் நாற்பதும் நாற்பதும் ஒழுங்காக நிரம்பின.

“ஊர்ல திருட்டுத்தனம் பண்றவன் கள்ளச் சாராயம் காச்சுறான்” என்றாள் மங்களம் ஒரு நாள், புல்கட்டைக் கீழே போட்டுவிட்டு. “நான் மாட்டுக்குப் புல்லு போடுறேன். சொல்ல வெக்கமா இருக்கு.”

பத்துமலை அவள் கழுத்தில் ஒட்டியிருந்த கொடி இலையை எடுத்துப் போட்டான். “மூணு மாசம்தான் மங்கா. பல்லைக் கடிச்சுக்க.”

ரோஸா பத்து பாட்டிலுக்கு ஏறிய செய்தி ஈப்போவுக்குப் போனது. புரதச் சமநிலையின் முதல் வெற்றி என்று கோப்பில் எழுதினார்கள். இயக்குநர் நேரில் வந்து பார்ப்பதாக முடிவாயிற்று. மூன்றாவது கட்டம் இன்னும் காலியாக இருந்தது. இன்பநாதன் அதை நிரப்ப ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பத்துமலை சாக்கைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டான். “இது யூரியா. மரத்துக்குப் போடுற உரம் சார்.”

“மரத்துக்குப் போட்டா உரம். மாட்டுக்குப் போட்டா புரதம். நைட்ரஜனை ஆறே காலால பெருக்கணும். நூத்துக்கு இருநூத்தி எண்பத்தேழு வருது.”

“நூறுலயே இருநூத்தி எண்பத்தேழா?”

“உலகத்துல இவ்வளவு புரதம் உள்ள பொருள் வேற கிடையாது அண்ணே.”

“அப்ப நீங்க கொஞ்சம் சாப்பிட்டிருக்கீங்களா?”

“அதிகாரிகளுக்கு இந்தத் திட்டத்தை இன்னும் விரிவுபடுத்தல.”

பத்துமலையின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “சார், விளையாட்டு வேணாம். தோட்டத்துல உரச்சாக்கை நக்கி ரெண்டு ஆடு செத்துச்சு. வயிறு ஊதி, வாயில நுரை தள்ளி, அரை மணி நேரத்துல. நான்தான் குழி வெட்டினேன்.”

இன்பநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கும் தெரியும். ரொம்பக் கொஞ்சமா, தீனியோட கலந்து, வாரக்கணக்குல பழக்கணும்னுதான் புத்தகத்துல போட்டிருக்கு. ஆனா இயக்குநர் துவான் வர்றது வியாழக்கிழமை. அவரு திரும்ப வாரக்கணக்குல வர மாட்டாரே. அதனால ஒரு வாரத்துப் பங்கை ஒரே பக்கெட்டுல அவரு முன்னால வைக்கச் சொல்லி உத்தரவு.”

“வைக்கலன்னா?” என்றாள் மங்களம்.

“துவான் முன்னாலயே சிவப்பு. அவரு கையால குத்துற சிவப்பு ஒண்ணு மூணுக்குச் சமம் அக்கா.”

தோட்டத்து மக்களுக்குக் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று பழக்கம் என்று வாரியத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் பழைய பெரட்டுக் களத்தில் பதினேழு மாடுகளையும் வரிசையாக நிறுத்தினார்கள். வாரியத்துக் குமாஸ்தாவான கிராணி ஒருவர் மாடுகளின் பெயரைப் படித்தார். மாட்டுக்காரர்கள் “இருக்கு துவான்” என்று சொல்ல வேண்டும். அப்பாவுவின் மாடு பெயர் கூப்பிடும் முன்பே கத்தியது. அதற்கு ஒழுங்கு மதிப்பெண் ஒன்று குறைத்தார்கள்.

இயக்குநர் மலாயில் பேசினார். இன்பநாதன் வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

“சென்ற ஆண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே சுவரில் ஒரு படம். சமச்சீர் உணவு என்று தலைப்பு. மீன், முட்டை, பால், பயறு எல்லாம் வரைந்திருந்தார்கள். நான் கண்கலங்கிப் போனேன். நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இந்தச் சமநிலை நம் மாடுகளுக்கு ஏன் கிடைக்கவில்லை? அன்றைக்கே அட்டையை அச்சடிக்கச் சொன்னேன். மாடு புல்தானே தின்னும் என்று ஓர் இளம் ஆய்வாளர் கேட்டார். இப்படி எல்லாரும் நினைத்ததால்தான் மாடுகள் இன்னும் மாடுகளாகவே இருக்கின்றன. அந்த ஆய்வாளர் இப்போது நம்மோடு இல்லை. கோழிப் பிரிவுக்கு மாற்றிவிட்டேன். எனக்கு மாடுகளைப் பற்றி அதிகம் தெரியாது. அதனால்தான் என்னால் தெளிவாக முடிவெடுக்க முடிகிறது.”

கை தட்டினார்கள். பக்கெட் வந்தது. நீருக்குள் இன்னும் கரையாத வெள்ளைப் பரல்கள் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. மங்களம் அதை ரோஸாவின் முன்னால் வைத்தாள். ரோஸா முகர்ந்தது. பிறகு அடிவரை உறிஞ்சிக் குடித்துவிட்டுப் பக்கெட்டின் விளிம்பையும் நக்கியது.

“பாருங்கள்!” என்றார் இயக்குநர். “தனக்கு எது குறைவாக இருந்தது என்று மாட்டுக்கே தெரிகிறது.”

பத்துமலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று காலை மங்களத்தின் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி பாதி காலியாகியிருந்தது. யூரியா, வாழைக்குழியில் கிடந்தது.

எல்லாம் முடிந்தது என்று அவர்கள் நினைத்தபோதுதான் இயக்குநர் மறுபடியும் எழுந்தார். ரோஸா மாநிலத்தின் மாதிரி மாடு என்று அறிவித்தார். ஈப்போவில் அலுவலக வாசலில் அதற்குக் கண்ணாடிக் கூரைபோட்ட கொட்டகை. திறப்பு விழாவுக்குப் பிறகு தினமும் அட்டைப்படி தீனி. திங்கட்கிழமை லாரி வரும்.

திங்கட்கிழமை லாரி வந்தது. இன்பநாதன் மாலையோடு இறங்கினார். மங்களம் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு வழிவிடவில்லை.

“சார், அது உப்பு.”

“எது?”

“அன்னைக்குப் பக்கெட்டுல. மீன்தூளைப் பூனை தின்னுச்சு. மாவுல பாயசம் வச்சோம். ரெண்டு மாசமா ரோஸா தின்னது புல்லும் கொடியும் லிம் வீட்டுச் சக்கையும்தான். பத்து பாட்டிலு அதுனால வந்தது. கூட்டிட்டுப் போய் உண்மையிலேயே யூரியா வச்சீங்கன்னா செத்துரும் சார். சிவப்புக் குத்துங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. இதை எழுதிக்குங்க.”

இன்பநாதனின் கையிலிருந்த மாலை கீழே இறங்கியது. மாலையில் இருந்த செவ்வந்தியை ரோஸா எட்டித் தின்ன ஆரம்பித்தது.

“அக்கா, வாரியத்துப் புரதத்தாலதான் பால் ஏறுச்சுன்னு கோலாலம்பூர் வரைக்கும் ரிப்போர்ட் போயாச்சு. இப்ப புல்லுனாலன்னு எழுதினா, புல்லுக்கு எதுக்கு வாரியம்னு கேப்பாங்க. அதுல நூத்திப் பன்னெண்டு பேரு வேலை பாக்குறோம்.”

“அதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்?”

அவர் லாரியைப் பார்த்தார். ரோஸாவைப் பார்த்தார். கடைசியில் ஆணியில் தொங்கிய மஞ்சள் அட்டையைக் கழற்றினார். “பச்சை முத்திரை விழுந்த அட்டை ஒண்ணு கொண்டு வரணும்னுதான் உத்தரவுல இருக்கு. அட்டை வந்தாப் போதும். மாடு அங்க பண்ணையில ஒண்ணு பாத்துக்கலாம்.”

லாரி அட்டையோடு போய்விட்டது. மங்களத்துக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாள் பால் நிலையத்தில் அட்டை கேட்டார்கள். அட்டை இல்லாத மாட்டின் பாலை வாரியம் பால் என்று ஒப்புக்கொள்வதில்லை என்றார்கள். ஈப்போவுக்கு இரண்டு தடவை பஸ் ஏறினாள். ரோஸா எங்களிடம் நலமாக இருக்கிறது, உங்கள் வீட்டில் இருப்பது யாருடைய மாடு என்று அங்கே கேட்டார்கள். அதற்கு மேல் அவள் போகவில்லை. டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த லியாகத் அலி பாலை வாங்கிக்கொண்டார். “எனக்கு டீயில ஊத்துனா வெள்ளையா ஆகணும் அக்கா, அவ்வளவுதான்” என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து இன்பநாதன் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். வாரியத்தின் சுராட் ஒன்றை, கறுப்புக் கரை போட்ட கடிதத்தை, நீட்டினார். பத்துமலை உரக்கப் படித்தான்.

“தங்கள் பராமரிப்பில் வளர்ந்த மாதிரி மாடு ரோஸா, கொட்டகைத் திறப்பு விழாவன்று, புரதச் சமநிலை முழுமை பெற்ற இருபதாவது நிமிடத்தில் மரணமடைந்தது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அட்டையில் குறை எதுவும் காணப்படவில்லை.”

ரோஸா அவர்களுக்குப் பின்னால் நின்று புல் தின்றுகொண்டிருந்தது.

“கீழ கையெழுத்துப் போடுங்க அக்கா” என்றார் இன்பநாதன். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. “ரோஸா செத்துப்போச்சுன்னு நீங்க ஒப்புக்கிட்டா பைலை மூடிருவாங்க. அப்புறம் இதைத் தேடிக்கிட்டு யாரும் வர மாட்டாங்க. உங்களுக்கே ஆயிரும்.”

மங்களம் பேனாவை வாங்கினாள். “சார், அங்க செத்தது எது?”

“ரோஸா.”

“ரோஸா இங்க நிக்குது. செத்தது எதுன்னு கேக்குறேன்.”

“பண்ணையிலேருந்து கொண்டுவந்த மாடு அக்கா. நாப்பத்தொண்ணாம் நம்பர். சினையா இருந்துச்சு.”

“பேரு?”

“பேரு வைக்கல.”

பத்துமலை ஏதாவது சொல்வான் என்று மங்களம் அவனைப் பார்த்தாள். அவன் சுராட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

“பக்கெட்டை யாரு சார் வச்சது? உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்கதானே புத்தகத்துல படிச்சேன்னு சொன்னீங்க.”

இன்பநாதன் தம் கால் சப்பாத்தைப் பார்த்தார். “அட்டையில இருந்துச்சு அக்கா.”

மங்களம் பத்துமலையிடமிருந்து சுராட்டை வாங்கிப் பிரித்துப் பலகைமேல் வைத்தாள். ரோஸா என்று எழுதியிருந்த இடத்தைப் பேனாவால் தொட்டாள். “சரி. அதுக்கு ஒரு பேராவது இருக்கட்டும். இந்தப் பேரை அது எடுத்துக்கட்டும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் மாட்டை “ஏய், வா” என்றுதான் கூப்பிட்டாள். நான்கு நாள் அது திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் வந்தது.